குடிகார வீட்டுப் பிள்ளைக்கு எந்தச் சான்றிதழ்? – உதவித்தொகை தொடங்க யோசனை தேவை

தொட்டிப்பாலம் | ஞாயிறு, இரவு 9.12

எல்லோருக்கும் வணக்கம். கன்னியாகுமரி மாவட்டம் திருவட்டாறு வட்டத்தில் ஓர் அரசு மேல்நிலைப்பள்ளியில் 1994இல் பத்தாம் வகுப்பு முடித்தவர்கள் நாங்கள். எங்கள் வகுப்புத் தோழன் ஒருவன் இரண்டு ஆண்டுகளுக்கு முன் இறந்துபோனான். வளைகுடாவில் நர்ஸாக இருக்கும் அவனுடைய அக்கா, தம்பி நினைவாக 6 லட்சம் ரூபாய் கொடுத்திருக்கிறார். அதை வங்கியில் வைப்பாகப் போட்டு, வருகிற வட்டியோடு நாங்களும் கைக்காசு சேர்த்து, ஆண்டுக்கு 8 பிள்ளைகளுக்குத் தலா 10,000 ரூபாய் கொடுக்க முடிவு செய்திருக்கிறோம்.

யாருக்கு என்பதில் அக்கா தெளிவாக இருக்கிறார். அப்பாவையோ அம்மாவையோ இழந்த பிள்ளைகள், இல்லையென்றால் வீட்டில் குடியால் அல்லல்படும் பிள்ளைகள். "முதல் மதிப்பெண் வாங்குகிறவனுக்குக் கொடுக்க ஊரில் ஆள் இருக்கிறது" என்றார்.

படிவம் ஒன்று தயாரித்தோம். பெயர், வகுப்பு, முகவரி வரை சிக்கல் இல்லை. மூன்றாவது கேள்வி இப்படி: "உங்கள் குடும்பத்தின் துயறத்தை 200 சொற்களுக்கு மிகாமல் விவரிக்கவும்." இதற்கு எங்கள் குழுவிலேயே பாதிப் பேர் எதிர்ப்பு. இறப்பு நடந்த வீடு என்றால் இறப்புச் சான்றிதழ் கேட்டுவிடலாம். குடிக்கு எதைக் கேட்பது? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

பழைய கிராம அலுவலர் | திங்கள், காலை 6.30

தம்பி, முதலில் அரசில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். அதில் சேரக்கூடிய பிள்ளையை அங்கே அனுப்பிவிட்டு, எதிலும் சேராத பிள்ளைக்கு உங்கள் பணத்தைக் கொடுங்கள்.

இறப்பு நடந்த வீட்டுக்குச் சில வழிகள் உண்டு. அரசுப் பள்ளியிலோ உதவி பெறும் பள்ளியிலோ படிக்கும் பிள்ளையின் சம்பாதிக்கும் பெற்றோர் விபத்தில் இறந்தாலோ நிரந்தரமாக முடங்கினாலோ, பிள்ளை பெயரில் 75,000 ரூபாய் வைப்பாகப் போடும் திட்டம் இருக்கிறது. தலைமையாசிரியர் வழியாகத்தான் விண்ணப்பம் போகும். இப்படி ஒன்று இருப்பதே தெரியாமல் அடியந்திரம் (இறப்புச் சடங்கு) முடிந்து கடன் வாங்கிக் கட்டணம் கட்டிய வீடுகளை நான் பார்த்திருக்கிறேன். மிஷன் வாத்சல்யா என்ற மத்திய அரசுத் திட்டத்தில் 18 வயது வரை மாதம் 4,000 ரூபாய். கைம்பெண்ணின் பிள்ளை, கைவிடப்பட்ட தாயின் பிள்ளை, பெற்றோர் இல்லாமல் உறவினர் வீட்டில் வளரும் பிள்ளை எல்லோரும் கேட்கலாம். ஆண்டு வருமானம் கிராமத்தில் 72,000 ரூபாயையும் நகரத்தில் 96,000 ரூபாயையும் தாண்டக் கூடாது. மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் விண்ணப்பிக்க வேண்டும். 2025 செப்டம்பரில் மாநில அரசு தொடங்கிய அன்புக் கரங்கள் திட்டத்தில் மாதம் 2,000 ரூபாய். பெற்றோர் இருவரையும் இழந்தவர்களுக்கு அது. ஒருவரை இழந்து, மற்றவர் கடும் நோயிலோ சிறையிலோ இருந்தாலும் கிடைக்கும்.

இப்போது குடிக்கு வருகிறேன். அப்பா உயிரோடு இருக்கிறார். குடும்ப அட்டையில் பெயர் இருக்கிறது. வருமானச் சான்றிதழில் அவர் கூலிதான் கணக்கு. அந்தக் கூலியில் எவ்வளவு வீட்டு வாசலைத் தாண்டி உள்ளே வருகிறது என்று எழுத அந்தப் படிவத்தில் கட்டம் கிடையாது. என் கையாலேயே எத்தனையோ வீட்டுக்குப் பரிந்துரை எழுதியிருக்கிறேன். ஒரு கொத்தனாரின் கூலி உயர்ந்த ஆண்டில்தான் அவர் பிள்ளைகள் இருவரும் செருப்பில்லாமல் பள்ளிக்குப் போனார்கள். என் பதிவேட்டில் அந்த வீடு முன்னேறியிருந்தது.

வாத்சல்யா விதிகளில் பிள்ளையை உடலாலும் பணத்தாலும் பேண இயலாத பெற்றோர் என்று ஒரு வகை உண்டு. கல்லீரல் கெட்டுப் படுக்கையில் விழுந்தவரின் பிள்ளைக்கு அதைக் காட்டிக் கேட்டுப் பார்க்கலாம். ஆனால் விழும் வரை காத்திருக்க வேண்டும்.

வெள்ளிமலை | திங்கள், காலை 10.05

கேள்வி கேட்காமல் எப்படிக் கொடுப்பீர்கள்? நம் மாவட்டத்தில் மாலையில் இரண்டு மிடறு விடாத ஆண்களை எண்ண ஒரு கை போதும். நாளைக்கு எல்லா வீட்டிலிருந்தும் 'எங்கள் அப்பாவும் குடிக்கிறார்' என்று வந்து நிற்பார்கள். டாஸ்மாக் பில்லையா சேர்த்து வைத்துக் காட்டச் சொல்வீர்கள்?

விளையாட்டுக்குச் சொல்லவில்லை. எங்கள் ஊர்ச் சங்கம் இப்படித்தான் நல்லெண்ணத்தில் தொடங்கியது. மூன்றாம் ஆண்டில் வாங்கியவர்களில் பாதி நிர்வாகிகளின் சொந்தக்காரர்கள். பிள்ளை எழுதட்டும், வகுப்பாசிரியர் கையெழுத்துப் போடட்டும், வார்டு உறுப்பினர் சான்று தரட்டும். கொடுக்கிறவன் காசுக்கும் மரியாதை வேண்டும்.

தையல்மேசை | திங்கள், இரவு 8.47

வெள்ளிமலை அண்ணனுக்கு. நீங்கள் சொன்ன மூன்று கையெழுத்தையும் வாங்கியவள் நான்.

அப்பா ரப்பர் பால் வெட்டுகிறவர். விடியுமுன் மரத்தடியில் இருப்பார், பதினொரு மணிக்கு ஷீட் அடித்து முடிப்பார். அதுவரை அவரைப்போல ஓர் ஆள் கிடையாது. அதற்குப் பிறகு நடப்பதை எழுதப்போவதில்லை. நான் பதினொன்றாம் வகுப்பில் இருந்தபோது ஓர் அமைப்பு எங்கள் பள்ளியில் ஐந்து பேருக்கு 3,000 ரூபாயும் ஒரு புத்தகப் பையும் கொடுத்தது. நான் ஒன்றரைப் பக்கம் எழுதிக் கொடுத்தேன். அதை அவர்கள் மட்டும் படிப்பார்கள் என்று நினைத்திருந்தேன். மேடையில் ஒலிபெருக்கியைப் பிடித்திருந்தவர் "தந்தையின் குடிப்பழக்கத்தால் வாடும் மாணவி" என்று சொல்லி என் பெயரை அழைத்தார். கை தட்டினார்கள். புகைப்படத்துக்காகப் பையைக் கொஞ்சம் மேலே தூக்கிப் பிடிக்கச் சொன்னார்கள்.

மாலைக்குள் சாயாக்கடை வழியாக அப்பாவுக்குச் செய்தி போய்விட்டது. அவர் அடிக்கவில்லை. பையை எடுத்துக்கொண்டுபோய்க் குளத்தில் எறிந்துவிட்டு இரண்டு நாள் வீட்டுக்கு வரவில்லை. மூன்றாம் நாள் காலையில் நான் எழுந்து பார்த்தபோது ரப்பர் ஷீட் காயப்போடும் கயிற்றில் அந்தப் பை தொங்கிக்கொண்டிருந்தது. இறங்கித் தேடி எடுத்து, சோப்புப் போட்டுக் கசக்கியிருந்தார். பன்னிரண்டாம் வகுப்பு முடியும் வரை அந்தப் பையைத்தான் தூக்கினேன். மழை நாளில் ஷீட் வாடை வரும். பக்கத்தில் உட்கார்ந்தவள் நகர்ந்து உட்காருவாள்.

இந்தக் கதையில் அப்பாவைக் கெட்டவர் என்று எழுதினால்தான் 3,000 ரூபாய் கிடைக்கும் என்றால், அந்த ஒன்றரைப் பக்கத்தில் கயிற்றில் தொங்கிய பைக்கு இடமில்லை. பிள்ளைகளுக்கு அது தெரியும். எதை எழுதினால் பெரியவர்கள் கண் கலங்குவார்கள் என்று தெரிந்துகொண்டு அதை மட்டும் எழுதுவோம்.

இன்னொன்று. கல்லூரியில் புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வந்தது. ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்திருந்தால் போதும், வேறு எதையும் யாரும் கேட்கவில்லை. என் பெயரில் வங்கிக் கணக்கு, பணம் நேராக அதில் விழுந்துவிடும். பாஸ்புத்தகத்தையும் ஏடிஎம் அட்டையையும் எங்கள் தையல் டீச்சர் வீட்டு மிஷின் மேசை இழுப்பறையில் மூன்று ஆண்டுகள் வைத்திருந்தேன். என் பெயர்க் காரணம் அதுதான். நீங்கள் தரும் 10,000 ரூபாயைக் காசோலையாகப் பிள்ளை கையில் கொடுத்து வீட்டுக்கு அனுப்பினால் அது எங்கே போகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

மட்டுறுத்துநர் | திங்கள், இரவு 9.30

எந்தப் பள்ளி, எந்த ஊர், யார் மகள் என்று யூகித்து எழுதிய இரண்டு பதிவுகளை நீக்கியிருக்கிறோம். இந்த இழையே பிள்ளையைக் காட்டிக்கொடுக்காமல் உதவுவது பற்றித்தான் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

கடற்கரைக்காரி | செவ்வாய், காலை 7.15

தையல்மேசை அக்கா எழுதியதைப் படித்துவிட்டு நேரமாகியும் தூக்கம் வரவில்லை. இறப்பு வீடு என்றால் சான்றிதழ் கேட்டுவிடலாம் என்று முதல் பதிவில் சுலபமாகச் சொல்லியிருக்கிறீர்கள். அதிலும் ஒரு சங்கதி இருக்கிறது.

நாங்கள் தூத்தூர்ப் பக்கம். 2017 நவம்பர் 30 அன்று ஒக்கிப் புயல் அடித்தபோது அப்பா ஆழ்கடலில் இருந்தார். நான் எட்டாம் வகுப்பு. உடல் வரவில்லை. காணாமற்போனவரை இறந்தவராகக் கொள்ளச் சாதாரணமாகச் சட்டம் ஏழு ஆண்டு கேட்கும். எங்கள் கரைகளுக்கு அரசு தனி ஏற்பாடு செய்து முன்னதாகவே சான்றிதழும் 20 லட்சம் ரூபாய் நிவாரணமும் கொடுத்தது. இல்லையென்று சொல்லமாட்டேன். ஆனால் அந்தத் தாளில் கையெழுத்துப் போட அம்மா மறுத்துவிட்டார். கையெழுத்துப் போட்டால் அப்பா இல்லை என்று தானே எழுதிக் கொடுத்ததாகிவிடும் என்றார். பங்குத்தந்தையும் அன்பியத்துப் (பங்கிலுள்ள அக்கம்பக்கத்துக் குடும்பங்களின் சிறு குழு) பெண்களும் பல நாள் வந்து பேசிய பிறகுதான் போட்டார். அந்த நாட்களில் எவராவது என்னிடம் படிவத்தை நீட்டி 'தந்தை இறந்த தேதி' என்று கேட்டிருந்தால் எந்தத் தேதியை எழுதியிருப்பேன்?

மதிப்பெண் பற்றியும் சொல்ல வேண்டும். தேசிய வருவாய்வழி மற்றும் திறன் படிப்புதவித் தேர்வு எட்டாம் வகுப்பில் ஒரே ஒருமுறைதான். தேறினால் பன்னிரண்டு வரை ஆண்டுக்கு 12,000 ரூபாய். எனக்கு அது வேண்டிய ஆண்டும் என்னால் எதையுமே எழுத முடியாமல் போன ஆண்டும் ஒன்றாக இருந்தன. ஒன்பதாம் வகுப்பில் கணக்கில் இரண்டு முறை தோற்றேன். பதினொன்றில்தான் தலை நிமிர்ந்தேன். அதனால் 'குறைந்தது 60 விழுக்காடு' என்று எதையும் போட்டுவிடாதீர்கள். துக்கம் முதலில் வந்து உட்காருவது மதிப்பெண் பட்டியலில்தான்.

தூரதேசத்தான் | செவ்வாய், காலை 9.02

நான் அமெரிக்காவில் இருக்கிறேன், பூர்வீகம் தக்கலை. இங்கே போதை மறுவாழ்வு மையங்களும் வழக்கறிஞர் அலுவலகங்களும்கூட இப்படி உதவித்தொகை அறிவிக்கின்றன. பெற்றோரின் போதையிலிருந்து நீ எப்படி மீண்டாய் என்று கட்டுரை எழுத வேண்டும், நூற்றுக்கணக்கில் எழுதுவார்கள், ஒருவருக்கோ இருவருக்கோ கிடைக்கும். உண்மையான அக்கறையோடு நடத்துகிறவர்களும் உண்டு. கல்லூரி இணையதளங்களில் தங்கள் பெயர் ஏற வேண்டும் என்பதற்காகவே நடத்துகிறவர்களும் உண்டு. கிடைக்காத பிள்ளையின் கட்டுரை என்ன ஆகிறது என்று யாரும் கேட்பதில்லை. உங்கள் மூன்றாவது கேள்வி இங்கிருந்துதான் வந்திருக்கும் என்று சந்தேகப்படுகிறேன்.

தொட்டிப்பாலம் | செவ்வாய், காலை 9.40

ஒப்புக்கொள்கிறேன். இணையத்தில் பார்த்ததைத் தமிழாக்கிப் போட்டோம்.

இன்று மட்டும் | செவ்வாய், இரவு 10.20

தையல்மேசை எழுதிய அப்பாவின் இடத்தில் இருந்தவன் நான். குடியை விட்டு ஒன்பது ஆண்டுகள் ஆகின்றன. வாரம் இரண்டு கூட்டத்துக்குப் போகிறேன். எங்கள் கூட்டங்களில் இதைக் குடிநோய் என்றுதான் சொல்வோம், குடும்பத்துக்கே வருகிற நோய் என்றும் சொல்வோம். குடிக்கிறவர்களுக்கான ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் அமெரிக்காவில் 1935இல் தொடங்கியது, குடும்பத்தினருக்கான அல்-அனான் 1951இல் வந்தது. பிள்ளைகளுக்கான அலட்டீன் 1957இல்தான். அங்கேயே பிள்ளைகள் கடைசியில்தான் நினைவுக்கு வந்திருக்கிறார்கள்.

இந்த இழையில் யாராவது 'அப்பா சிகிச்சைக்குப் போனால்தான் உதவித்தொகை' என்று சொல்லிவிடுவார்களோ என்று பயந்துகொண்டே படித்தேன். நல்லவேளை, இதுவரை இல்லை. அப்படி ஒரு நிபந்தனை போட்டால் அப்பனுக்குக் காவலாளியாகப் பிள்ளையை நியமித்ததாகும். என் மகன் பத்து வயதில் அந்த வேலையைத்தான் செய்தான். நான் வரும் காலடிச் சத்தத்தை வைத்தே எவ்வளவு குடித்திருக்கிறேன் என்று அம்மாவுக்குச் சொல்வான்.

அடுத்தது, அப்பா குடியை விட்டுவிட்டார் என்று தெரிந்ததும் உதவியை நிறுத்திவிடாதீர்கள். நான் விட்ட முதல் ஆண்டுதான் எங்கள் வீட்டில் பணத்துக்கு மிக மோசமான ஆண்டு. அதுவரை பயந்து ஒதுங்கியிருந்த கடன்காரர்கள் எல்லோரும் தெளிந்த மனிதனிடம் பேசலாம் என்று வரிசையாக வந்தார்கள்.

படிவத்தின் பின்பக்கத்தில் மூன்று எண்களை அச்சடித்துவிடுங்கள். 1098 குழந்தைகளுக்கு, 14416 மனநல ஆலோசனைக்கு, 14446 போதையிலிருந்து மீள. எல்லோருக்கும் கொடுக்கிற தாளில் இருந்தால் யார் கிழித்து வைத்துக்கொண்டார்கள் என்று யாருக்கும் தெரியாது.

வெள்ளிமலை | புதன், காலை 8.10

எல்லாம் சரி. எழுதவும் கூடாது, கையெழுத்தும் கூடாது, மதிப்பெண்ணும் பார்க்கக் கூடாது என்றால் எட்டுப் பேரை யார், எதை வைத்து எடுப்பது? சீட்டுக் குலுக்கியா? இதற்குப் பதில் சொல்லாமல் கண்ணீர்க் கதைகளாகவே போய்க்கொண்டிருக்கிறது.

ஓய்வு டீச்சர் | புதன், மதியம் 1.25

வெள்ளிமலை சார் கேட்பது நியாயமான கேள்வி. 31 ஆண்டுகள் அரசுப் பள்ளியில் இருந்தவள் என்ற முறையில் சொல்கிறேன், பள்ளிக்கு இது ஏற்கெனவே தெரியும். பிள்ளையிடம் கேட்க வேண்டிய அவசியமே இல்லை.

எங்கள் சத்துணவு அமைப்பாளர் ஒருவர் இருந்தார். அதிகம் பேசமாட்டார். எங்கள் பக்கம் சனிக்கிழமைதான் கூலி நாள். திங்கட்கிழமை மதியம் எந்தப் பிள்ளை இரண்டாம் முறை சோற்றுக்குத் தட்டை நீட்டுகிறது என்று அவருக்குக் கணக்கு உண்டு. செவ்வாய்க்கிழமை நீட்டாத பிள்ளை திங்கட்கிழமை நீட்டினால், அந்த வீட்டில் சனி, ஞாயிறு எப்படிப் போயிருக்கும் என்று அவர் யாரிடமும் விசாரித்ததில்லை. கேட்காமலே ஒரு கரண்டி கூடப் போடுவார், முட்டையை மட்டும் கணக்குப்படி வைப்பார். அந்த அம்மாளிடம் நான்கு பெயர் கேட்டால் நான்கும் தப்பாது.

வகுப்பாசிரியர், சத்துணவு அமைப்பாளர், ஊரில் உள்ள செவிலியர், இந்த மூன்று பேரும் தனித்தனியாகப் பெயர் எழுதிக் கொடுக்கட்டும். காரணம் எழுத வேண்டாம். இரண்டு பட்டியலில் வந்த பெயரை எடுத்துக்கொள்ளுங்கள். சங்கத்து நிர்வாகிகள் யாரும் பெயர் சொல்லக் கூடாது. சார் சொன்ன சொந்தக்காரர் சிக்கலும் அதில் முடிந்துபோகும்.

பழைய கிராம அலுவலர் | புதன், மாலை 5.50

டீச்சர் சொன்ன முறை நல்லது. கொடுக்கும் காலத்தையும் யோசியுங்கள். ஆகஸ்ட் 15 கொடியேற்றத்தில் கொடுப்போம் என்பார்கள், வேண்டாம். ஜூனில் பள்ளி திறக்கிறது, அதே ஜூனில் மழை இறங்குகிறது. ரப்பர் மரத்துக்கு மழை மறைப்பாகப் பிளாஸ்டிக் கட்டாத தோட்டங்களில் பால் வெட்டு நின்றுவிடும். மேற்குக் கடற்கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை மீன்பிடித் தடைக்காலம் வேறு. மலையிலும் கடலிலும் ஒரே நேரத்தில் வருமானம் இல்லாத மாதங்கள் இவை. மே கடைசிக்குள் நோட்டுக் கடைக்கும் தையற்கடைக்கும் விடுதிக்கும் நேராகக் கட்டிவிடுங்கள். மீதியைப் பிள்ளைக்கு பஸ் செலவுக்கு வைத்துக்கொடுங்கள். ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவுக்குக் கட்டணம் இல்லை. ஆனால் மலையோரத்திலிருந்து தாயும் பிள்ளையும் போய்வர பஸ் கட்டணமும் ஒரு நாள் கூலியும் போகும். அந்தச் செலவையும் இதில் சேர்க்கலாம்.

தொட்டிப்பாலம் | வியாழன், இரவு 11.05

மூன்றாவது கேள்வியை எடுத்துவிட்டோம். விழா இல்லை, மேடை இல்லை. டீச்சர் சொன்ன மூன்று பட்டியல் முறைக்குத் தலைமையாசிரியர் சம்மதித்துவிட்டார்.

ஒன்று மிச்சம் இருக்கிறது. முதல் பதிவில் நான் ஒரு விஷயத்தை மறைத்துவிட்டேன். எங்கள் தோழன் குடித்துத்தான் இறந்தான். கடைசி ஆறு மாதம் மஞ்சள் காமாலை, வயிறு வீங்கி, எங்களை வீட்டுக்கு வரவே விடவில்லை. அக்கா அவன் பெயரிலேயே உதவித்தொகை வேண்டும் என்கிறார். அவன் எப்படி இறந்தான் என்று ஊருக்கே தெரியும். அவன் பெயர் போட்ட உறையைக் கையில் வாங்கும் பிள்ளையைப் பார்த்தாலே எதற்கு என்று புரிந்துவிடுமே. அக்காவிடம் இதை எப்படிச் சொல்வது?

பழைய கிராம அலுவலர் | வெள்ளி, காலை 6.15

பெயர் போடுவதில் தவறில்லை என்பேன். சென்னையைச் சேர்ந்த டி.டி. ரங்கநாதன் குடிநோயால் இளவயதில் இறந்தார். அவர் மனைவி சாந்தி ரங்கநாதன் 1980இல் குடிநோய் சிகிச்சைக்கு ஒரு நிறுவனத்தைத் தொடங்கி, கணவர் பெயரையே வைத்தார். ஒளித்து வைக்கவில்லை.

தையல்மேசை | வெள்ளி, காலை 7.40

ஐயா, அவர் தன் வீட்டுக் கதையைத் தானே சொன்னார், பெரியவராக, தன் விருப்பப்படி. இங்கே உறையை வாங்குவது பதினான்கு வயதுப் பிள்ளை.

இன்று மட்டும் | வெள்ளி, காலை 7.58

தங்கை சொல்வதுதான் சரி. எங்கள் கூட்டத்திலும் என் பெயரை நான் சொல்லலாம், அடுத்தவர் பெயரை வெளியே சொல்லக் கூடாது.

தொட்டிப்பாலம் | ஞாயிறு, இரவு 8.30

அக்காவிடம் இந்த இழையை அப்படியே அனுப்பிவிட்டேன். இரண்டு நாள் பதில் இல்லை. இன்று பணி முடிந்து அழைத்தார். பையைக் குளத்திலிருந்து எடுத்த இடத்தை இரண்டு முறை படித்தாராம். தம்பி ஒருமுறை குடைக்கும் அப்படிச் செய்தான் என்றார், அதற்குமேல் சொல்லவில்லை. வங்கி வைப்புத் தாளில் அவன் பெயர் இருக்கட்டும், பிள்ளை வாங்குகிற தாளில் '1994 வகுப்பு' என்று மட்டும் போடுங்கள் என்று சொல்லிவிட்டார். முதல் பட்டியல்கள் மே 10க்குள் வரும்.

வெள்ளிமலை | ஞாயிறு, இரவு 9.15

எனக்கு இன்னும் முழுச் சம்மதம் இல்லை. எட்டில் ஒன்று பொய்யாக வரத்தான் போகிறது, அப்போது இந்த இழையை எடுத்துக் காட்டுவேன். இருந்தாலும் புதிய படிவத்தை அச்சுக்குப் போகுமுன் எனக்கு அனுப்புங்கள், பிழை திருத்தித் தருகிறேன். பழைய படிவத்தில் 'துயறம்' என்று அடித்திருந்தீர்கள். இத்தனை பேர் அந்தக் கேள்விக்காகச் சண்டை போட்டதில் ஒருவர்கூட அதைப் பார்க்கவில்லை.